நம்மாளுதான், விடு

பாட்டில் சின்னது.
உள்ளங்கையில் வைத்தால் விரல் மூடிக்கொள்ளும்.
அந்தக் காசுக்கு ஒரு பழைய டெம்போ எடுக்கலாம் என்று
பூங்காவனம் கணக்குப் போட்டாள்,
பிறகு தோட்டைக் கழற்றிக்கொண்டு
அடகுக்கடைக்குப் போனாள்.

ஐந்து ரோடு, மூன்றாவது மாடி.
ஜன்னலோர நாற்காலி எனக்கு வாய்த்தது.
வெளியே சேர்வராயன் மலை
தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு
குத்தவைத்திருக்கிறது.
பத்தொன்பது வருஷம் அதன் வாசலில் நின்றவன் நான்.
அடிவாரம் வனத்துறைச் சாவடி.
தடுப்புக்கட்டையின் கயிறு
இந்த வலது கையில் இன்னும் காய்ப்பாக இருக்கிறது.

கீமோ தெரியும். வயலுக்கு மருந்தடிப்பது மாதிரி,
பூச்சியோடு கொஞ்சம் பயிரும் கருகும்.
இது எப்படி என்று கேட்டேன்.
டாக்டர் ஷெரின் சொன்னார்:
"இது கட்டியைத் தொடாதுங்க.
உங்க ஆளுங்களைத்தான் தொடும்."

ரத்தத்தில் ரோந்து போகிறவர்கள் உண்டாம்.
தெருத்தெருவாக
ஒவ்வொரு செல்லின் கதவையும் தட்டுவார்களாம்.
சொந்தக்காரன் கை நீட்டினால்
குலுக்கிவிட்டு நகர வேண்டும், அது சட்டம்.
இல்லையென்றால் சொந்த வீட்டையே இடிப்பார்கள்.
என் நுரையீரலில் குடியேறியது
அந்தக் கைநீட்டலைக் கற்றுக்கொண்டுவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமல்.
ஷெரின் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்.

மாதையனை அவருக்குத் தெரியாது.
சில்வர் ஓக் லாரி, வாரத்தில் இரண்டு நடை.
கடைசி வளைவிலேயே ஹாரன் கேட்கும்.
வண்டி நிற்காது, கேபினிலிருந்து கை மட்டும் நீளும்.
நானும் நீட்டுவேன்.
லஞ்சம் இல்லை, சத்தியமாக. ஒரு பீடிகூட வாங்கியதில்லை.
"நம்மாளுதான், விடு" என்பேன் உள்ளே இருப்பவனிடம்,
கட்டை மேலே போகும்.
ஆறு வருஷம் கழித்துக் கோரிமேட்டில் மடக்கினார்கள்.
தார்ப்பாய், அதன் கீழ் ஓக், அதன் கீழ் சந்தனம்.
விசாரணையில் கேட்டார்கள்,
"ஒரு தடவைகூடத் தூக்கிப் பார்க்கலையா?"

மருந்து செய்வது இவ்வளவுதான்:
காவல்காரன் கையில் ஒரு கோணிப்பையை மாட்டிவிடுகிறது.
குலுக்க முடியாது.
குலுக்க முடியாதவன் தார்ப்பாயைப் பார்க்கிறான்.

இரண்டாவது பாட்டிலுக்குப் பிறகு அரிப்பு,
முதுகெல்லாம் தடிப்பு.
மூன்றாவதுக்குப் பிறகு
ஒரே ராத்திரியில் பதினாலு தடவை கொல்லைக்குப் போனேன்.
கோணி மாட்டியவர்கள் பால்காரனையும் பிடிக்கிறார்கள்,
பள்ளிக்கூட வேனையும் பிடிக்கிறார்கள்.
தைராய்டை அடித்தே போட்டுவிட்டார்கள்,
ஐம்பத்தேழு வருஷமாக என் கழுத்தில்
ஒழுங்காக உட்கார்ந்திருந்த பிள்ளை.
அது நம்மாளுதான்டா என்று கத்தினாலும்
உள்ளே யார் காதில் விழும்?
ஸ்டீராய்டு கொடுத்து அவர்களை உட்காரவைத்தார்கள்.

பக்கத்து நாற்காலி மெஹருன்னிசா,
செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டி.
அதே பாட்டில், அதே சொட்டு.
ஒரு அரிப்புகூட இல்லை.
"எனக்கு நல்லா ஒத்துக்கிச்சு" என்று சந்தோஷப்பட்டார்.
ரோந்துக்காரர்கள் அந்தத் தெருவுக்குள்
போகவேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.
"ஏன் போகலை?"
"அது எங்களுக்கும் இன்னும் முழுசாப் பிடிபடலைங்க."
ஆவணியில் அந்த நாற்காலிக்கு வேறொருவர் வந்தார்.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு நாலே கால் சென்டிமீட்டர்,
இப்போது இரண்டே முக்கால்.
போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை.
சுருங்குகிறது என்கிறார்கள்,
அதையும் குரலைத் தணித்தே சொல்கிறார்கள்.

நேற்று மச்சினன் காரில் மலைக்குப் போனோம்,
சேர்வராயன் கோயிலில் பூங்காவனத்துக்கு ஒரு வேண்டுதல்.
சாவடியில் புதுப் பையன்,
பிளாஸ்டிக் இருக்கிறதா என்று
ஒவ்வொரு பையாகத் துழாவிக்கொண்டிருந்தான்.
என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.
"அண்ணன் நம்மாளுதான், விடு."
கட்டை மேலே போனது.

என் காலடியில் இரண்டு தண்ணீர் பாட்டில்.
பூங்காவனம் என்னைப் பார்த்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் வளைவு திரும்பும்போது
மணிக்கட்டு அரித்தது.